ராமேஸ்வரம் விடுதிக்கு எது, மண்டபம் நண்டு கம்பெனிக்கு எது?

ராமேஸ்வரத்து விடுதி, மண்டபத்து நண்டு கம்பெனி, கீழக்கரையில் வளைகுடா நாடுகளுக்கு டிக்கெட் போடும் டிராவல்ஸ் என இந்தக் கரையிலும் வாடிக்கையாளர் விவரம் நோட்டிலிருந்து சி.ஆர்.எம். என்ற வாடிக்கையாளர் பதிவு மென்பொருளுக்கு ஏறி வருகிறது. ஏறியதை, கணக்கும் வரைபடமுமாகக் காட்டும் அறிக்கை மென்பொருளோடு இணைப்பது அடுத்த வேலை. விற்க வருகிறவர்கள் வண்ண வண்ண வரைபடங்களைக் காட்டுவார்கள். நான் பார்ப்பது இரண்டுதான்: இணைப்பு அறுந்தால் சரிசெய்ய ஆள் யார்? போன வருடம் இதே நாளில் நிலைமை என்ன என்று கேட்டால் பதில் வருமா?

ஜோஹோ சி.ஆர்.எம். வைத்திருப்பவர்கள் அறிக்கைக்கு ஜோஹோ அனலிடிக்ஸையே எடுத்துக்கொள்வது சுலபமான வழி. இரண்டும் ஒரே நிறுவனத்தின் பொருள்கள் என்பதால் வாடிக்கையாளர், விசாரணை, விற்பனை ஆகியவற்றுக்கு இடையிலான தொடர்புகள் முன்பே கட்டப்பட்டு வருகின்றன. ஆயத்த அறிக்கைகளும் கூடவே கிடைக்கின்றன. கணினிக்கென்று தனி ஆள் இல்லாத விடுதிக்கு இதுவே சரி. பில்லிங் வேறு மென்பொருளில் இருந்தால் அதைக் கொண்டுவந்து சேர்ப்பது மட்டும் தனி வேலை.

மைக்ரோசாஃப்டின் அறிக்கை மென்பொருளான பவர் பி.ஐ. இதைவிட வலுவானது, கொஞ்சம் முரடும்கூட. விண்டோஸ் கணினியில் டெஸ்க்டாப் பதிப்பு இலவசம். அறிக்கையை மற்றவர்களோடு பகிரத்தான் புரோ சந்தா வேண்டும். புரோவில் இறக்குமதி செய்த தரவை ஒரு நாளைக்கு 8 முறை தானாகப் புதுப்பிக்கத் திட்டமிடலாம். கரையில் விலை மாறும் வேகத்துக்கு இது போதாது என்று சிலர் குறைப்படுவார்கள். விலை கேட்கத்தான் போன் இருக்கிறதே! எந்த வாடிக்கையாளர் நழுவுகிறார் என்று பார்க்க ஒரு நாளைக்கு ஒரு முறையே தாராளம்.

சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற இன்னொரு சி.ஆர்.எம்.மிலிருந்து பவர் பி.ஐ.க்குத் தரவு எடுக்கிறவர்கள் ஓர் இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். அங்கே தரவை இழுத்துவர இரண்டு இணைப்பான்கள் உண்டு. அறிக்கை வழியாக எடுப்பது 2,000 வரிகளோடு நின்றுவிடும். மீதி வரவில்லை என்பது வரைபடத்தைப் பார்த்தால் தெரியாது. அது முழுமையானதுபோலவே நிற்கும். மூலப் பதிவுகளை நேராக எடுக்கும் மற்ற இணைப்பானில் இந்த வரம்பு இல்லை. 2019இல் சேல்ஸ்ஃபோர்ஸ் வாங்கிய டேப்லோ என்ற அறிக்கை மென்பொருளும் இருக்கிறது. அழகுக்குக் குறைவில்லை, இந்த அளவு வியாபாரத்துக்கு அது அதிகம்.

பவர் பி.ஐ.யின் உண்மையான பலம், எந்த நாள் என்ன நாள் என்று குறிக்கும் நாட்காட்டி அட்டவணையை நாமே எழுதிக்கொள்ளலாம் என்பதில் இருக்கிறது. ஆடி அமாவாசை 2024இல் ஆகஸ்ட் 4. 2025இல் ஜூலை 24. ஜூலையை ஜூலையோடு ஒப்பிட்ட விடுதிக்காரருக்கு 2025 அமோகமாகத் தெரியும், ஆகஸ்ட் படுத்துவிட்டதாகத் தோன்றும். இரண்டுமே பொய். அமாவாசைக்கு ஒரு நெடுவரிசை வைத்து, அந்த நாளை அந்த நாளோடு ஒப்பிட வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்கும் இப்படி ஒரு குறி தேவை. அப்போது விசைப்படகுகள்தான் நிற்கின்றன, நாட்டுப்படகுகள் போகின்றன. ஆகவே அந்த மாதங்களின் ஆர்டர் குறைவை எல்லாம் தடையின் கணக்கில் எழுதிவிடவும் முடியாது. இதே அட்டவணையை ஜோஹோ அனலிடிக்ஸில் ஏற்றியும் இணைக்கலாம். விடுதிக்காரர் அதைச் செய்தே ஆக வேண்டும்.

மூன்றாவது, ஏழைக்கேற்ற எள்ளுருண்டை: சி.ஆர்.எம்.மிலிருந்து கோப்பாக இறக்கி, கூகுள் ஷீட்ஸில் போட்டு, கூகுளின் அறிக்கைக் கருவியான லுக்கர் ஸ்டூடியோவில் பார்ப்பது. செலவில்லை. ஆனால் இறக்குகிற பையன் ஏர்வாடி சந்தனக்கூட்டுக்கு லீவு போட்டால் அறிக்கையும் லீவு. ஷீட்ஸ் கோப்பு ஒன்றில் 1 கோடி கட்டங்கள் வரைதான் இடம். சிறு வியாபாரம் அதைத் தொட நாளாகும்.

இந்த முறையில் யாரும் பேசாத நன்மை ஒன்று உண்டு. சி.ஆர்.எம்.மில் ‘பேச்சு நடக்கிறது’ என்றிருந்த ஆர்டர் முடிந்ததும் பழைய நிலை அழிந்து புதியது ஏறுகிறது. நேரடி இணைப்பு பெரும்பாலும் இன்றைய நிலையையே காட்டும். போன மாதம் எத்தனை ஆர்டர்கள் பாதியில் நின்றன என்பது அதில் கிடைக்காது. வாராவாரம் தேதி போட்டு இறக்கி வைத்த கோப்பில் அது கிடைக்கும். எனவே ஜோஹோவோ பவர் பி.ஐ.யோ எடுத்தவர்களும் வாரம் ஒரு தேதியிட்ட நகலை ஒதுக்கி வைப்பது நல்லது.

பல மென்பொருள்களின் தரவை ஒரே இடத்தில் சேர்த்து வைக்கும் தரவுக் கிடங்கை, கூகுளின் பிக்குவெரி போன்றதை, நடுவில் வைப்பது கடைசி வழி. மாதம் 10 ஜி.பி. சேமிப்பும் 1 டி.பி. அளவுக்குத் தரவைத் தேடிப் படிக்கும் வினவலும் இலவசம் என்பதால் பணம் பெரிய தடையல்ல, பார்த்துக்கொள்ளும் ஆள்தான் தடை. டேலி பில்லிங், சி.ஆர்.எம்., ஏற்றுமதிக் கணக்கு மூன்றையும் ஒன்றாகப் பார்க்க வேண்டிய நண்டு கம்பெனி, பகுதிநேரமாகவாவது ஓர் ஆளை அமர்த்த முடிந்தால் இதை எடுக்கட்டும். இல்லையென்றால் பவர் பி.ஐ. போதும். எதை எடுத்தாலும், பதிவுகளைப் பொருத்த வாடிக்கையாளர் எண் ஒன்றை வைத்துக்கொண்டு போன் நம்பரை அறிக்கைக்குள் விடாமலிருப்பது உத்தமம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் விடுதிகளுக்கும் சேர்த்துத்தான்.