விக்கலுக்குக் கழுத்தில் ஊசி போடச் சம்மதிக்கும் முன் இதைப் படியுங்கள்

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டும் என் அப்பாவுக்கு ஆறு நாட்களாக விக்கல் ஓயவில்லை. கஞ்சி இறங்கவில்லை, உறக்கமும் இல்லை. மாத்திரைக்கும் கேட்காததால், கடந்த செவ்வாய்க்கிழமை மார்த்தாண்டத்துக்கு அருகில் ஒரு தனியார் வலி நிவாரணக் கிளினிக்குக்கு அழைத்துச் சென்றேன்.

அங்கிருந்த மருத்துவர், கழுத்துத் தண்டுவடத்தில் தொடங்கி உதரவிதானம் (நுரையீரலுக்கு அடியில் மூச்சிழுக்க உதவும் தசை) வரை இறங்கும் நரம்பைத் தாளில் வரைந்து காட்டி, அதை மரக்கச் செய்தால் விக்கல் நின்றுவிடும், ஒரே ஊசிதான் என்றார். அப்பாவின் தோளில் கைவைத்து, "இன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்குவீர்கள்" என்று அவர் சொன்னபோது ஆறு நாட்களில் முதன்முறையாக அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் 38,000 ரூபாயைக் கட்டினேன். இரத்தப் பரிசோதனை எடுக்கவில்லை. நாற்பது வருடம் பீடி குடித்தவர் என்று நான் சொன்னதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை. சம்மதப் படிவத்தில் கையெழுத்திடும் இடத்தை மட்டும் விரலால் காட்டினார்கள்.

கழுத்தின் இடப்பக்கம் ஊசி போட்டதும் விக்கல் நின்றது உண்மை. ஆனால் குரல் கம்மியது, இடது கண்ணிமை சரிந்தது, படுத்தால் மூச்சு முட்டியது. இரவு அழைத்தபோது "மரப்பு இறங்கினால் சரியாகும்" என்றார்கள், மறுபடி அழைத்தபோது "காலையில் ஓ.பி.க்கு வாருங்கள்" என்று வைத்துவிட்டார்கள். விடிவதற்குள் விக்கலும் திரும்பிவிட்டது. காலையில் போய் 38,000 ரூபாயைப் பற்றிக் கேட்டதற்கு, வலப்பக்கமும் போட்டுப் பார்க்கலாம், அதற்குத் தனிக் கட்டணம் என்றார்கள்!

அங்கிருந்து நேராக ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். இடது உதரவிதானம் மேலேறி நிற்பதை எக்ஸ்ரேயில் காட்டிய மருத்துவர், வலப்பக்கமும் மரத்திருந்தால் வெண்டிலேட்டர் வைக்க நேர்ந்திருக்கும் என்றார். இரத்தத்தில் சோடியம் என்ற உப்புச்சத்து மிகவும் குறைந்து 117 தான் இருந்தது. இரத்த அழுத்தத்துக்காக அப்பா சாப்பிட்டுவந்த, சிறுநீர் போக வைக்கும் மாத்திரைதான் காரணம். அதை நிறுத்தி, உப்புச்சத்தைச் சிறிது சிறிதாக ஏற்றியபின் நேற்று விக்கல் ஓய்ந்தது. மூச்சும் குரலும் சீராகிவிட்டன. வார்டில் அவர் உறங்குவதைப் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன்.

இந்த ஊசியே தவறு என்று சொல்லவில்லை. காரணத்தைத் தேடி, மருந்துகளும் பலிக்காத பிறகு, நுரையீரல் தாங்குமா என்று பார்த்துச் செய்யவேண்டிய வைத்தியத்தை எங்களுக்கு எடுத்த எடுப்பிலேயே விற்றார்கள்.

விக்கல் 48 மணி நேரம் தாண்டினால் முதலில் சோடியம், கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான இரத்தப் பரிசோதனை), ஈ.சி.ஜி. பாருங்கள். ஊசி நுரையீரலில் பட்டுக் காற்றுக் கசியும் ஆபத்தும் உண்டு, வாய்விட்டுக் கேளுங்கள். இரு பக்கமும் போட விடாதீர்கள். முறையான ரசீது வாங்குங்கள். என் கையில் இருப்பது 38,000 என்று மட்டும் எழுதிய துண்டுச் சீட்டு.