பிஎன்ஆர் வந்தால் டிக்கெட் வந்ததாக அர்த்தமில்லை: 96,000 பாயிண்டும் 26,500 ரூபாயும் போயிற்று

மைலில் விமான டிக்கெட் போட்டுத் தருவதாகச் சொன்ன ஒரு ஆளிடம் செவ்வாய்க்கிழமை மதியம் ஏமாந்தேன். இன்று சனிக்கிழமை. ஆத்திரம் அடங்கட்டும், நிதானமாக எழுதலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இன்று காலை அவன் நடத்தும் மெசேஜிங் குழுவில் "இன்னும் மூன்று பேருக்கு மட்டும்" என்று அந்த ஆள் அடுத்த அறிவிப்பு போட்டிருப்பதை நண்பர் ஒருவர் தன் போனில் காட்டினார். அந்த மூன்று பேர் மாட்டுவதற்குள் இதை எழுதிவிடுகிறேன்.

போனது கிரெடிட் கார்டில் சேர்த்த 96,000 ரிவார்டு பாயிண்ட், கூடவே யுபிஐயில் அனுப்பிய 26,500 ரூபாய். வங்கியின் பயணத் தளத்தில் ஒரு பாயிண்டுக்கு 50 பைசா கிடைக்கும். அந்தக் கணக்கில் பாயிண்ட் மட்டுமே 48,000 ரூபாய். ஆக மொத்தம் 74,500 ரூபாய். பாயிண்டை ஒழுங்கான வழியில் எப்படிப் பயணத்துக்குப் பயன்படுத்துவது என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

விவரம் தெரிந்தவர்களே இந்த மாதிரி ஆட்களிடம் போய் விழுவதற்குக் காரணம் இருக்கிறது. அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. அந்த 96,000 பாயிண்டை கார்டு பில்லில் கழித்துக்கொண்டால் பாயிண்டுக்கு 20 பைசா, 19,200 ரூபாய். கிஃப்ட் வவுச்சராக எடுத்தால் 35 பைசா, 33,600 ரூபாய். விமான நிறுவனத்தின் மைலாக (காசுக்குப் பதில் கொடுத்து டிக்கெட் எடுக்க உதவும் அவர்களுடைய பாயிண்ட்) மாற்றினால் இந்தக் கார்டில் இரண்டு பாயிண்டுக்கு ஒரு மைல், ஆகவே 48,000 மைல். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு பிசினஸ் வகுப்பில் ஒரு வழிக்கு ஆளுக்கு 24,000 மைல் காட்டியது. அதே விமானத்தில் காசு கொடுத்துப் போனால் ஆளுக்கு 58,000, இரண்டு பேருக்கு 1,16,000 ரூபாய். மைலில் எடுத்தாலும் வரி கட்டத்தான் வேண்டும், அது இருவருக்கும் சேர்த்து 8,400. அதைக் கழித்துவிட்டு 96,000-ஆல் வகுத்துப் பாருங்கள், பாயிண்டுக்கு 1 ரூபாய் 12 பைசா வருகிறது. பில்லில் கழித்தால் கிடைக்கும் 20 பைசாவைப் போல ஐந்து மடங்குக்கு மேல்.

இந்தக் கணக்கில் பொய் இல்லை. சிக்கல் சீட்டில். மைலுக்கென்று விமான நிறுவனம் திறந்துவிடும் சீட் ஒரு விமானத்தில் சில நாள் இரண்டு இருக்கும், பல நாள் ஒன்றும் இருக்காது. மே மாதத் தேதிகளில் தேடினால் எல்லாம் வெயிட்லிஸ்ட். "உங்கள் பாயிண்ட், எங்கள் சீட்" என்று விளம்பரம் செய்யும் ஆட்களுக்கு அங்கேதான் பிழைப்பு.

இது ஒரு மெசேஜிங் செயலியில் நடக்கும் கட்டணக் குழு. மைல் டிக்கெட் போட்டுத் தரும் சேவை என்று சொல்லிக்கொள்கிறார்கள். அலுவலகம் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை. பிசினஸ் வகுப்பு இருக்கையும் போர்டிங் பாஸும் வைத்து எடுத்த படங்கள் மட்டும் நூற்றுக்கணக்கில். கேட்டது சேவைக் கட்டணம் 8,000, வரி 18,500. தளத்தில் வரி 8,400தானே காட்டுகிறது என்று கேட்டதற்கு, "அது எகானமி டாக்ஸ் சார், பிசினஸுக்கு இப்படித்தான் வரும்" என்றான். தளத்தில் பார்த்ததே பிசினஸ் வகுப்புதான். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

நிறுத்தவிடாமல் செய்தது ஒரு பிஎன்ஆர், அதாவது முன்பதிவு எண். திங்கள் இரவு ஒன்பது மணிக்கு ஆறு எழுத்தில் ஒரு பிஎன்ஆர் அனுப்பினான். "என்னை நம்ப வேண்டாம் சார், ஏர்லைன் சைட்டில் நீங்களே போட்டுப் பாருங்கள்." போட்டால் வருகிறது. விமான நிறுவனத்தின் சொந்தத் தளம், சொந்த முகவரி. பயணிகள் இரண்டு பேர் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே. தேதி, நேரம், வகுப்பு எல்லாம் சரி. பச்சை நிறத்தில் "உறுதி" என்று வேறு. அதற்குக் கீழே இ-டிக்கெட் எண் என்று ஒரு வரி இருந்தது. அதற்கு நேரே ஒரு சின்னக் கோடு மட்டும். அந்தக் கோட்டைக் கண் பார்த்தது, மூளை பார்க்கவில்லை.

அந்தக் கோட்டுக்கு என்ன அர்த்தம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எந்த டிராவல் ஏஜென்ட்டும் தன் முன்பதிவுக் கணினியில் பெயரையும் விமானத்தையும் அடித்து ஒரு பைசா கட்டாமல் பிஎன்ஆர் உருவாக்கலாம். சீட் தற்காலிகமாகப் பிடித்து வைக்கப்படும், உறுதி என்றுதான் காட்டும். பணம் கட்டி டிக்கெட் எடுக்க ஒரு கெடு உண்டு. அது தாண்டினால் கணினியே அந்த பிஎன்ஆரைத் தூக்கிவிடும். அதோடு, அது காசுக்கு விற்கிற சீட். மைலுக்கான சீட் தனிக் கணக்கு. காசுக் கட்டண முன்பதிவை அப்படியே மைல் டிக்கெட்டாக மாற்றுகிற வழியே கிடையாது. டிக்கெட் என்பது 13 இலக்க எண். முதல் மூன்று இலக்கம் விமான நிறுவனத்தின் குறியீடு: ஏர் இந்தியாவுக்கு 098, எமிரேட்ஸுக்கு 176 என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று. அந்த 13 இலக்கம் வராதவரை உங்கள் கையில் டிக்கெட் இல்லை. பிஎன்ஆர் வெறும் துண்டு போட்டு இடம் பிடித்த மாதிரி.

"ஹோல்ட் நாளை மதியம் வரைதான் சார்" என்று அவசரப்படுத்தினான். செவ்வாய் காலை 96,000 பாயிண்டும் மைலாக மாற்றப்பட்டது. அதற்கு வங்கி எடுத்த 99 ரூபாயும் ஜிஎஸ்டியும் தனி. நாற்பது நிமிடத்தில் 48,000 மைல் கணக்கில் வந்துவிட்டது. 26,500 ரூபாயும் போனது, ஒரு தனிநபர் பெயரில் உள்ள யுபிஐ முகவரிக்கு. அடுத்ததாக, ஹோல்டில் இருக்கும் பிஎன்ஆரோடு மைலை இணைக்க வேண்டும் என்று சொல்லி மைல் கணக்கின் பாஸ்வேர்டு கேட்டான். பிறகு மின்னஞ்சலுக்கு வந்த ஓடிபி. அதையும் கொடுத்தாயிற்று. வங்கி ஓடிபி என்றால் யாரும் கொடுக்க மாட்டோம். மைல் கணக்கு ஓடிபிதானே என்ற அலட்சியம். 48,000 மைல் இருக்கும் கணக்கும் பணப்பெட்டிதான் என்று அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

இருபது நிமிடத்தில் கணக்கின் மின்னஞ்சல் முகவரி மாறியது. மாறியது என்ற அறிவிப்பு பழைய முகவரிக்கு வந்ததால்தான் அதுவே தெரிந்தது. விமான நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையைப் பிடித்துக் கணக்கை முடக்கும்போது மைல் இருப்பு பூஜ்யம். முன்பின் தெரியாத இரண்டு பேர் பெயரில், வேறொரு ஊரிலிருந்து, அன்று இரவே கிளம்பும் விமானத்துக்கு டிக்கெட் எடுத்திருக்கிறார்கள். திருட்டு மைலில் எடுக்கும் டிக்கெட் பெரும்பாலும் இப்படி உடனே கிளம்புவதாகத்தான் இருக்கும், புகார் போய்ச் சேருவதற்குள் ஆள் பறந்துவிடலாம் என்பதால். அந்த இரண்டு பேரும் இவனிடம் காசு கொடுத்து "மலிவு டிக்கெட்" வாங்கியவர்களாகவும் இருக்கலாம்.

அதற்குப் பிறகு கேட்ட பதில்களைச் சொல்கிறேன். அவன் முதலில் "சர்வர் டவுன் சார்". ஒரு மணி நேரம் கழித்து "டிக்கெட்டிங் டீம் லஞ்சுக்குப் போயிருக்காங்க". மாலை ஐந்துக்கு ஒரு குரல் பதிவு: "டென்ஷன் ஆகாதீங்க சார், நம்ம மேல நம்பிக்கை இல்லையா?" ஆறு மணிக்குக் குழுவிலிருந்து நீக்கம், எண் பிளாக். பிஎன்ஆரைத் திரும்பப் போட்டால் "அப்படி முன்பதிவு இல்லை".

வங்கியோ, மைலாக மாற்றிய பாயிண்டைத் திரும்பப் பெற முடியாது, மாற்றும்போதே அதற்குச் சம்மதம் கொடுத்திருக்கிறீர்கள் என்றது. உண்மைதான், எந்தக் கார்டிலும் இந்த மாற்றம் ஒருவழிப் பாதை. விமான நிறுவனமோ, பாஸ்வேர்டைப் பகிர்ந்தது விதிமீறல், பயணமும் முடிந்துவிட்டது என்றது. யுபிஐ பக்கம் கேட்டால், பின் எண் போட்டது நீங்கள்தானே என்கிறார்கள். மூன்று இடத்திலும் குரல் மரியாதையாகத்தான் இருந்தது. மூன்று இடத்திலும் கதவு சாத்தியாயிற்று. 74,500 ரூபாய்க்குப் பதிலாகக் கையில் இருப்பது மூன்று புகார் எண்.

சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்குச் செவ்வாய் மாலையே கூப்பிட்டுப் பதிவு செய்தாயிற்று. 26,500 ரூபாயைப் போன கணக்கில் முடக்க முயல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஏமாந்த முதல் மணி நேரத்திலேயே இந்த எண்ணைக் கூப்பிட்டுவிட வேண்டும். பணம் அடுத்த கணக்குக்குத் தாவிவிட்டால் பிடிப்பது கஷ்டம். "சர்வர் டவுன்" என்று அவன் இழுத்தடித்தது அந்த மணி நேரத்துக்காகத்தான்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன். எழுத எழுத ரத்தம் கொதிக்கிறது, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

மைல் சீட் இருக்கிறதா என்று உங்கள் சொந்தக் கணக்கில் நுழைந்து, பணம் கட்டும் பக்கம் வரை போய்ப் பார்த்த பிறகு மட்டும் பாயிண்டை மாற்றுங்கள். ஒரு விமான நிறுவனத்தின் தளத்தில் தெரியும், அதன் கூட்டாளி நிறுவனத்தின் விமான சீட் சில சமயம் வெறும் தோற்றம்தான், கடைசிப் பக்கத்தில் காணாமல் போகும். அதுவரை பாயிண்ட் வங்கியிலேயே இருக்கட்டும். மைல் திட்டங்கள் நாளைக்கே விதியை மாற்றலாம், திட்டமே இன்னொன்றில் கரையலாம். 2024 நவம்பரில் விஸ்தாரா ஏர் இந்தியாவோடு இணைந்தபோது பார்த்தோமே.

வரியை விமான நிறுவனத்தின் தளத்தில் உங்கள் கார்டில் நீங்களே கட்டுங்கள். யுபிஐயில் வரி கேட்கிறவன் திருடன்.

மைலை விற்பது, வாங்குவது எல்லாமே பெரும்பாலான திட்டங்களில் விதிமீறல். மலிவாகக் கிடைக்கிறது என்று அடுத்தவர் மைலில் டிக்கெட் வாங்கினால் விமான நிலையத்தில் வைத்தே ரத்தாகலாம்.

சீட் கிடைக்கவில்லையா, வங்கியின் பயணத் தளத்திலேயே 50 பைசாவுக்குப் போட்டுவிடுங்கள். அல்லது ஓட்டலுக்கு. அக்கோர் என்ற ஓட்டல் குழுமத்தின் திட்டத்தில் அவர்களுடைய 2,000 பாயிண்டுக்கு 40 யூரோ என்று மதிப்பு நிலையானது, சீட் தேடும் தலைவலி இல்லை. மாரியட் ஓட்டல் பாயிண்டை விமான மைலாக மாற்றுவதென்றால் பெரும்பாலான விமான நிறுவனங்களுக்கு மூன்றுக்கு ஒன்று, 60,000 சேர்த்து மாற்றினால் 5,000 மைல் கூடுதல். அதற்குக் குறைவாக மாற்றாதீர்கள். மற்றதெல்லாம் இப்போது எழுத முடியவில்லை.

வங்கிக்கு எழுத்துப்பூர்வப் புகார் புதன்கிழமை போயிற்று. 30 நாளில் பதில் வரவில்லை என்றாலோ, வந்த பதில் இதே பதிலாக இருந்தாலோ அடுத்தது ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேன், அதாவது குறைதீர்ப்பாளர்.

நண்பர் போனில் பார்த்த இன்றைய அறிவிப்பில் "வெற்றிகரமான புக்கிங்" என்று ஒரு படம் இருக்கிறது. பெயரை மறைத்திருக்கிறான், பிஎன்ஆரில் பாதியை மறைத்திருக்கிறான், பச்சை நிற "உறுதி" பளிச்சென்று தெரிகிறது. அதற்குக் கீழே இ-டிக்கெட் எண் வர வேண்டிய இடத்துக்குச் சற்று மேலேயே படம் வெட்டப்பட்டிருக்கிறது.