நைட்ரோ டிரக்கில் கியர் சண்டித்தனம்: திருகா, ஒற்றை கியரா?

நைட்ரோ எரிபொருளில் ஓடும் ரிமோட் டிரக், இரண்டாவது கியருக்கு மாறாமல் முதல் கியரிலேயே முக்கினால் முதலில் எரிபொருள் கலவையைப் பாருங்கள். எஞ்சின் போதிய சுற்று எட்டாவிட்டால் கியர் மாறாது. அது சரி என்றால் இரண்டு வழி: கியர் எப்போது மாறணும் என்பதை அமைக்கும் திருகைச் சரிசெய்வது, அல்லது இரண்டு கியரை எடுத்துவிட்டு ஒற்றை கியர் கிட் போடுவது.

செலவு: திருகுக்கு ஆலன் கீ போதும், ஒற்றை கியர் கிட் காசு கேட்கும்.

சிரமம்: எஞ்சினை அணைத்து, திருகை 1/8 சுற்று மட்டும் திருப்பி ஓட்டிப் பார்க்கணும். பெரும்பாலும் இடப்பக்கம் (கடிகார முள்ளுக்கு எதிராக) திருப்பினால் சீக்கிரம் மாறும். நான் அவசரப்பட்டு அரைச் சுற்று திருப்ப, கிளம்பியதுமே இரண்டாவது விழுந்து வண்டி திணறியது! கிட் என்றால் கியர்பாக்ஸையே பிரிக்கணும்.

எத்தனை நாள் உழைக்கும்: கியர் கிளட்ச் (இரண்டாவது கியரை இணைக்கும் பாகம்) தேய்ந்திருந்தால் திருகு உதவாது. ஒற்றை கியரில் அந்தத் தொல்லையில்லை; ஆனால் உச்ச வேகமோ இழுவையோ குறையும்.

நீண்ட தார் ஓட்டத்துக்குத் திருகு. மண்மேட்டில் குதிப்பவர்களுக்கு ஒற்றை கியர்.