கிளிப் கழற்றியதும் பல்லில் வெள்ளைத் திட்டா? 'கிளீனிங்' என்றால் உடனே பணம் கட்டாதீர்கள்

சென்னை வேளச்சேரி பக்கம் ஒரு பல் கிளினிக். பெயர் வேண்டாம். மகளுக்குக் கிளிப் போட 48,000 ரூபாய் பேக்கேஜ், முழுப் பணமும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். அன்றைக்கே 'கிளீனிங் கிட்' என்று 2,800 ரூபாய்க்கு ஒரு பை. உள்ளே நடுவில் பள்ளம் விட்ட பிரஷ், கம்பி இடுக்கில் நுழைக்கும் குட்டி பிரஷ், மெழுகு, மவுத்வாஷ். அப்புறம் இதையே மெடிக்கல் ஷாப்பில் தனித்தனியாக வாங்கினேன், 600 ரூபாய் தாண்டவில்லை.

காசு போனால் போகட்டும். எப்படித் தேய்க்க வேண்டும் என்று ஒருவரும் காட்டவில்லையே! மாதாமாதம் போவோம், வேறு வேறு டாக்டர் கம்பியை முறுக்குவார், "எல்லாம் ஓகே சார்." ஈறு வீங்கியிருக்கிறதே என்றால், "கிளிப் போட்டா அப்படித்தான்."

கழற்றிய அன்று மகள் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, சுண்ணாம்பு தடவின மாதிரி இருக்கு" என்றாள். கம்பியைப் பிடிக்கப் பல்லில் ஒட்டும் குட்டிப் பட்டை, அதாவது பிராக்கெட், ஒட்டியிருந்த இடத்தைச் சுற்றி வெள்ளைத் திட்டு. அதற்கும் ரேட் தயாராக இருந்தது: கிளீனிங், ஒயிட்னிங் சேர்த்து 12,000. "கறைதான் சார், போயிடும்."

கட்டவில்லை. கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனோம். காத்திருக்கத்தான் வேண்டும், ஆனால் அங்கே இருந்த டாக்டர் பொறுமையாகச் சொன்னார். இது கறையே இல்லையாம். பிராக்கெட் ஓரத்தில் தங்கும் படலத்தில் உள்ள கிருமிகள் சர்க்கரையை அமிலமாக்க, அந்த அமிலம் எனாமலின் தாதுச் சத்தைக் கரைத்த தடம். கிளீனிங் பல்லில் கெட்டியாகப் படியும் காரையைத்தான் எடுக்கும், இதை எடுக்காது. ஒயிட்னிங்குக்கும் இப்போது அவசரமில்லை. ஃபுளோரைடு பேஸ்ட்டோடு சில மாதம் பார்க்கலாம், கொஞ்சம் மங்கும், சிலது அப்படியே நிற்கும் என்றார்.

தேய்க்கும் விதமும் அங்கேதான் தெரிந்தது. பிராக்கெட்டுக்கு மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை, பிரஷைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். கம்பிக்கு அடியில் குட்டி பிரஷ். சாப்பிட்டதும் தேய்ப்பது நல்லது, ராத்திரி மட்டும் தவறவே கூடாது. கடலை மிட்டாய், ஜவ்வு மிட்டாய் பக்கம் போகாமல் இருப்பது உத்தமம்.

கிளிப் போடப் போகிறவர்கள், மாதாமாதம் பார்க்கப்போவது யார், அவர் ஆர்த்தோடான்டிக்ஸில் (பல் வரிசையைச் சீராக்கும் துறை) எம்.டி.எஸ். என்ற மேற்படிப்பு படித்தவரா என்று முதலிலேயே கேளுங்கள். பணத்தைத் தவணையாகக் கட்டுங்கள். கிட் விற்றால் பொருள்வாரியாக பில் வாங்குங்கள். நான் அந்த பில்லை எழுதிக் கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை. தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலுக்கும் புகார் எழுதி வைத்துவிட்டேன்.