மலையேறிய அரட்டை: ஒரு சுதேசிச் செயலியின் மதிப்புரை

கைராசியில் நம்பிக்கை உள்ளவர்கள், வாட்ஸ்அப்பைப் போன்ற செய்திச் செயலியான அரட்டையைக் கைப்பேசியில் இறக்குவதற்கு முன் சற்று யோசித்திருப்பார்கள். ஒன்றிய அமைச்சர் பியூஷ் கோயல் 2021 பிப்ரவரியில் ட்விட்டரைப் போன்ற ‘கூ’ என்ற இந்தியச் செயலிக்கு வரும்படி மக்களை அழைத்தார். 2024 ஜூலையில் கூ கடையைக் கட்டிவிட்டது. அதே அமைச்சர் 2025 செப்டம்பர் இறுதியில் தாம் அரட்டையில் இருப்பதாகப் பெருமையுடன் அறிவித்த செய்தி வந்தபோது, கோத்தகிரிப் பக்கத்துச் சிறு தேயிலை விவசாயிகளான எங்கள் குழுவில் முதலில் விழுந்த மறுமொழி ஒரு மலர்வளையப் படம். அந்தக் குழு வாட்ஸ்அப்பில் இயங்குவது, இன்றும் அங்கேதான் இருக்கிறது. அதற்குக் காரணம் செயலியின் தரம் அன்று என்பதே இந்த மதிப்புரையில் நான் சொல்ல வந்தது.

அரட்டை நேற்று முளைத்ததில்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சோஹோ நிறுவனம் அதை 2021 ஜனவரியில், வாட்ஸ்அப்பின் புதிய தனியுரிமைக் கொள்கையைப் பற்றி நாடே கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில் வெளியிட்டது. கொதிப்பு அடங்கியது, மக்கள் கொள்கையை ஏற்றுக்கொண்டு பழைய இடத்திலேயே காலை வணக்கம் சொல்லத் தொடங்கினார்கள், அரட்டை நான்கு ஆண்டுகளுக்கு மேலாக ஓரமாகக் கிடந்தது. பிறகு அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்டது, அங்கே வேலைக்குப் போவதற்கான எச்1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்றது, டெல்லியில் சுதேசி முழக்கம் எழுந்தது. அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் தம் ஆவணங்களையும் கணக்குத்தாள்களையும் சோஹோவுக்கு மாற்றினார். கல்வி அமைச்சர் தர்மேந்திர பிரதான் அரட்டைக்கு அழைப்பு விடுத்தார். மூன்றே நாளில் ஒரு நாளைய புதிய பதிவுகள் 3,000-லிருந்து 3,50,000 ஆகிவிட்டதாக சோஹோவை நிறுவியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு எழுதினார். அக்டோபரில் உள்துறை அமைச்சர் அமித் ஷா தம் மின்னஞ்சலையும் சோஹோவுக்கு மாற்றியதாக அறிவித்து, அந்த அறிவிப்பை, ‘இந்த விஷயத்தில் கவனம் செலுத்தியதற்கு நன்றி’ என்று டிரம்ப் தம் பதிவுகளை முடிக்கும் அதே பாணி ஆங்கில வாக்கியத்தால் முடித்து வைத்தார். மென்பொருள் அரசியலில் அந்த ஆண்டு கேட்ட சிறந்த நகைச்சுவை அதுதான் என்பது என் கருத்து; அதை வேண்டுமென்றே செய்தாரா என்ற விவாதம் எங்கள் குழுவில் இலை விலையைவிட அதிக நேரம் ஓடியது.

தமிழ்நாட்டில் இந்தக் கதைக்கு இன்னொரு சுவை உண்டு. தேசியக் கல்விக் கொள்கையை ஏற்காததால் பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா திட்டத்தின் நிதியான 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்திருப்பதாக மாநில அரசு அதே ஆண்டில் முறையிட்டுக்கொண்டிருந்தது. நிதியைத் தர மறுத்த அமைச்சரே தமிழ்ப் பெயர் கொண்ட ஒரு செயலியை இந்தியா முழுவதற்கும் பரிந்துரைத்தபோது, அதை மும்மொழிக் கொள்கையில் தமிழுக்குக் கிடைத்த இடம் என்று கூறி ஓர் ஆசிரியர் எங்கள் குழுவில் நன்றி தெரிவித்தார். ஸ்ரீதர் வேம்புவோ தமிழ்நாட்டுப் பொறியாளர்கள் இந்தி கற்றுக்கொள்வது நல்லது என்று 2025 பிப்ரவரியில் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவர். ஆகவே இங்கே அரட்டையை இறக்குவதும் இறக்காமல் இருப்பதும் ஒரு கட்சி நிலைப்பாடாகவே பார்க்கப்பட்டது. ஒரு செயலியை மதிப்பிடுவதற்கு இதைவிட மோசமான அளவுகோல் இருக்க முடியாது. என் வீட்டுத் தையல் இயந்திரத்தைச் செய்தவர் எந்தக் கட்சிக்கு வாக்களித்தார் என்று யாரும் கேட்டதில்லை.

அந்நியப் பொருளை விலக்கச் சொல்லும் அழைப்பு அமெரிக்கரின் எக்ஸ் தளத்தில் வந்தது, செயலியை இறக்குவது கூகுள் கடையில், ஓடுவது பெரும்பாலும் ஆண்ட்ராய்டில் என்ற கேலியும் தவறாமல் வந்தது. கேலி சரிதான், ஆனால் அதை ஓர் எல்லைக்கு மேல் இழுக்க முடியாது. 1906-இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் நிறுவனத்துக்குக் காலியா என்ற கப்பல் பிரான்சிலிருந்துதான் வாங்கப்பட்டது. கப்பல் எங்கே கட்டப்பட்டது என்பதற்காக அவருடைய முயற்சியை யாரும் குறைத்துப் பேசுவதில்லை. உண்மையான சிக்கல் வேறு. ஆங்கிலேயக் கப்பல் நிறுவனம் அவரை ஒழிக்கக் கட்டணத்தைக் குறைத்து, இலவசமாகக்கூட ஏற்றிச் செல்ல வேண்டியிருந்தது. வாட்ஸ்அப்புக்கு அந்தச் செலவுகூட இல்லை. அது முதல் நாளிலிருந்தே நமக்கு இலவசம், எல்லோரும் ஏற்கெனவே அந்தக் கப்பலில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இனிச் செயலியைப் பார்ப்போம். கைப்பேசி எண்ணைக் கொடுத்து நுழைவது, குழு தொடங்குவது, படம் அனுப்புவது, பேசுவது எல்லாம் வாட்ஸ்அப் பழகிய கைக்கு எந்தத் தடுமாற்றமும் தராத விதத்தில் அமைக்கப்பட்டிருக்கின்றன. விலை குறைந்த கைப்பேசியிலும் மெதுவான இணைப்பிலும் ஓட வேண்டும் என்பது இதன் நோக்கங்களில் ஒன்று என்று சொல்லப்பட்டதால், மலைக்காரனாகிய நான் அதைத்தான் கவனித்துப் பார்த்தேன். தோட்டத்தின் கீழ்ச்சரிவில் ஒற்றைக் கோடு சிக்னலில் எழுத்துச் செய்திகள் தடையின்றிப் போயின. வாட்ஸ்அப்பைவிட மேல் என்று சொல்லும்படியாக வேறுபாடு தெரியவில்லை, கீழ் என்று சொல்லவும் எதுவும் இல்லை. வடகிழக்குப் பருவமழையில் கற்பூர மரம் ஒன்று மின்கம்பியின் மேல் சாய்ந்தால், கைப்பேசிக் கோபுரத்தின் பேட்டரி இருக்கும் வரைதான் இந்த ஒப்பீடெல்லாம். அதன் பிறகு அமெரிக்கச் செயலியும் சுதேசிச் செயலியும் ஒரே நிலைக்கு வந்துவிடுகின்றன.

எனக்கு மெய்யாகவே பயன்பட்டது ‘பாக்கெட்’ என்ற வசதி. நமக்கு நாமே செய்தி, படம், குறிப்பு அனுப்பிச் சேமித்து வைத்துக்கொள்ளும் தனி அறை அது. மழைநாளில் இலை கொள்முதல் செய்யும் இடத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். மூட்டையைத் தராசில் ஏற்றியதும் சிவப்பு எண்கள் ஓடி நிற்கும், ஈர இலைக்கு என்று சில கிலோ கழிவு போகும், மீதி எடை ரசீதில் ஏறும். அந்த ரசீது வீடு போய்ச் சேர்வதற்குள் சட்டைப்பையில் நனைந்து மை கரைந்துவிடும். நம் மாவட்டத்தில் தடை செய்யப்பட்ட பாலித்தீன் உறை ஒன்றுக்குள் பத்திரமாக இருக்கும் கைப்பேசியை வெளியே எடுத்து, தராசின் எண்ணையும் ரசீதையும் அங்கேயே படமெடுத்துப் பாக்கெட்டில் போட்டுவிட்டால், மாதக் கடைசியில் தேயிலை வாரியம் நிர்ணயித்த விலையோடு நம் கணக்கை ஒப்பிட்டுப் பார்க்க நம்மிடமும் ஒரு சான்று இருக்கும். வாட்ஸ்அப்பிலும் நமக்கு நாமே செய்தி அனுப்பிக்கொள்ளலாம் என்பது உண்மைதான். ஆனால் அங்கே ரசீதுக்கு மேலும் கீழும் நூறு காலை வணக்க ரோஜாக்கள் வந்து மொய்க்கின்றன. அரட்டையில் என் பட்டியல் காலியாக இருப்பதே இந்த வகையில் ஒரு வசதி.

கூட்டம் நடத்தும் வசதியும் உள்ளேயே இருக்கிறது, தனியாக வேறு செயலி தேவையில்லை. தொலைக்காட்சிப் பெட்டிக்கென்றும் ஒரு பதிப்பு உண்டு. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மைத்துனர் கேட்ட கடனைப் பற்றி மனைவி அனுப்பும் செய்தி, மைத்துனரும் உட்கார்ந்திருக்கும் வரவேற்பறையில் நாற்பது அங்குல அகலத்தில் தோன்றுவதை எந்தத் தொழில்நுட்பமும் நியாயப்படுத்த முடியாது.

அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி செய்தியைப் பூட்டும் மறையாக்கம்தான் விரிவாகப் பேச வேண்டிய விஷயம். 2025 செப்டம்பரில் கூட்டம் அலைமோதியபோது அரட்டையில் குரல், காணொளி அழைப்புகள் மட்டுமே இரு முனைக்கும் இடையே முழுமையாக மறையாக்கம் செய்யப்பட்டிருந்தன. எழுத்துச் செய்திகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதாவது செய்தி வழியில் பூட்டப்பட்டே பயணம் செய்யும், ஆனால் சாவியின் ஒரு நகல் நிறுவனத்திடமும் இருக்கும். நிறுவனம் படிக்கிறது என்று இதற்குப் பொருள் இல்லை. படிக்க முடியும், அரசு ஆணையோடு வந்து கேட்டால் கொடுக்கவும் முடியும் என்று பொருள். வாட்ஸ்அப் 2016-லேயே இந்தச் சாவியைத் தன் கையிலிருந்து விட்டுவிட்டது. அதை உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டே போய்விடுவோம் என்று 2024-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் சொன்னது. இந்த ஒரு குறையை நிரப்பாமல் மூன்றரை லட்சம் பேரை ஒரே நாளில் உள்ளே அழைத்தது அவசரம் என்றே நான் நினைக்கிறேன். நிறுவனத்தைவிட அமைச்சர்களுக்கு இருந்த அவசரம் அது. ஆண்டு முடிவதற்குள் இருவர் உரையாடல்களுக்கு முழு மறையாக்கத்தை சோஹோ கொண்டுவந்தது என்பதையும் சொல்ல வேண்டும். செயலியைப் புதுப்பிக்காமல் பழைய பதிப்பையே வைத்திருப்பவர்கள் முதலில் அதைச் செய்துகொள்வது நல்லது.

‘நம்ம குழுவுல ரகசியம் என்ன இருக்கு?’ என்று ஒருவர் கேட்டார். தேயிலைக் குழுவை ஒட்டுக்கேட்கும் உளவாளிக்குக் கிடைப்பது என்னவென்றால், ரேஷன் கடைக்குப் பின்னால் கரடி நிற்கிறது, காட்டெருமை இறங்கியிருப்பதால் பிள்ளைகளைத் தனியாக அனுப்ப வேண்டாம், மழை விடுமுறை என்று சுற்றும் அறிவிப்பு இந்த ஆண்டுடையதா போன ஆண்டுடையதா என்பவைதாம். ஆனால் அதே கைப்பேசியில்தான் வங்கிக் கணக்கு எண்ணும் ஆதார் படமும் மருத்துவமனை அறிக்கையும் போகின்றன. அமெரிக்க நிறுவனமும் இந்த விஷயத்தில் புனிதமானதன்று. 2021-இன் தனியுரிமைக் கொள்கைக்காக இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் வாட்ஸ்அப்பின் உரிமையாளரான மெட்டாவுக்கு 213 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2025-இல் வாட்ஸ்அப்புக்குள்ளும் விளம்பரங்கள் எட்டிப்பார்க்கத் தொடங்கின. உங்கள் தகவலை விளம்பரத்துக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று சோஹோ சொல்கிறது, அதன் மற்ற மென்பொருள்களைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் இருப்பதால் அந்தப் பேச்சை நம்ப ஓரளவு இடமிருக்கிறது.

இவ்வளவு இருந்தும் குழு ஏன் நகரவில்லை? எங்கள் குழுவின் மூத்தவர் ஒருவர் நான் சொன்னதற்காகவே அரட்டையை இறக்கினார். மறுநாள் இலை போடும் இடத்தில் பார்த்தபோது சொன்னார்: ‘தம்பி, உள்ள போய்ப் பார்த்தேங்க. நீங்களும் நானும்தான் இருக்கோம். அதுக்கு நீங்க வீட்டுக்கே வந்து ஒரு காப்பி குடிச்சுட்டுப் போயிடலாமே.’ நூறு பக்கத் தொழில்நுட்ப அறிக்கை சொல்லக்கூடியதை அவர் அதிலேயே சொல்லிவிட்டார். கரடி வந்த செய்தி எந்தச் செயலியில் வரும் என்று ஐயம் இருக்கும் இரவில் யாரும் புதிய செயலியைப் பரிசோதிக்க மாட்டார்கள். பாதிப் பேர் அங்கும் பாதிப் பேர் இங்கும் என்றால் இரண்டு குழுக்களுமே பயனற்றவை. ஒருவர் செயலியை இறக்கும்படி அமைச்சர் செய்யலாம், அவரை அதில் தங்க வைப்பதற்கு அவருடைய சம்பந்தியும் ஆலைக் கணக்கரும் ஊர்த் தலைவரும் சேர்ந்து வந்தாக வேண்டும். செயலிக் கடைகளின் பட்டியல்களில் முதலிடத்துக்கு ஏறிய அரட்டை சில வாரங்களிலேயே இறங்கியதற்கு இதற்கு மேல் விளக்கம் தேட வேண்டியதில்லை.

ஸ்ரீதர் வேம்புவே சொன்ன ஒரு தீர்வு இருக்கிறது, விந்தை என்னவென்றால் அவரை வாழ்த்திய அமைச்சர்களில் எவரும் அதைப் பற்றிப் பேசி நான் கேட்கவில்லை. யுபிஐயையும் மின்னஞ்சலையும் போலச் செய்திச் செயலிகளும் ஒன்றோடொன்று பேச வேண்டும் என்பது அது. 2016-இல் வந்த யுபிஐயில், தேநீர்க் கடைக்காரர் எந்தச் செயலி வைத்திருக்கிறார் என்று கேட்டுவிட்டு யாரும் பணம் அனுப்புவதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் தன் டிஜிட்டல் சந்தைச் சட்டத்தின் வழியாக வாட்ஸ்அப்பை மற்றச் செயலிகளுக்குக் கதவைத் திறக்கச் சொல்லியிருக்கிறது. அப்படி ஒரு விதி இங்கே வந்தால் நான் அரட்டையிலும் மூத்தவர் வாட்ஸ்அப்பிலும் இருந்துகொண்டே கரடியைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம். எக்ஸ் தளத்தில் நூறு பதிவுகள் போடுவதைவிட இந்த ஒரு விதி சுதேசி மென்பொருளுக்குச் செய்யக்கூடியது அதிகம்.

வந்த விதியோ வேறு. 2025 நவம்பர் 28 தேதியிட்ட உத்தரவில் தொலைத்தொடர்புத் துறை, செய்திச் செயலிகள் பதிவு செய்த சிம் அட்டை அந்தக் கைப்பேசியில் இருந்தால் மட்டுமே இயங்க வேண்டும், கணினியில் திறந்திருக்கும் பதிப்பு ஆறு மணி நேரத்துக்குள் தானாக வெளியேறிவிட வேண்டும் என்றது. இணைய மோசடியைத் தடுப்பது நோக்கம். வாட்ஸ்அப், டெலிகிராம், சிக்னலோடு அரட்டைக்கும் அதே உத்தரவுதான்; சுதேசி என்று சலுகை கிடையாது. அதே நாள்களில் சஞ்சார் சாத்தி என்ற அரசுச் செயலியைப் புதிய கைப்பேசிகள் அனைத்திலும் முன்கூட்டியே ஏற்றி விற்க வேண்டும் என்று இன்னோர் உத்தரவு வந்து, எதிர்ப்புக் கிளம்பியதும் டிசம்பர் 3 அன்று திரும்பப் பெறப்பட்டது. சிம் உத்தரவைக் கேட்டதும் எங்கள் ஆலைக் கணக்கர்தான் முதலில் கவலைப்பட்டார். காலையில் கணினியில் செயலியைத் திறந்து வைத்து, மாலை வரை விவசாயிகள் அனுப்பும் எடைக் கணக்கை அதிலிருந்தே எடுத்து எழுதுகிறவர் அவர். ‘மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் நான் அரட்டையிலயும் இருக்க மாட்டேன், வாட்ஸ்அப்புலயும் இருக்க மாட்டேன். இலைக் கணக்குக் கேக்கறவங்க நேர்ல வந்து கேளுங்க,’ என்று இரண்டு செயலிகளிலும் அறிவித்துவிட்டார்.