செந்தூல் பட்டறையில் ஹைட்ரஜன் கார்பன் கிளீனிங், பயமில்லாமல் செய்யலாமா?

செந்தூலில் ஒரு பட்டறையில் என் பழைய மைவி காருக்கு ஹைட்ரஜன் கார்பன் கிளீனிங், அதாவது இன்ஜினுக்குள் படிந்த கரியை ஹைட்ரஜன் வாயு விட்டு நீக்கும் வேலை, செய்தேன். 120 ரிங்கிட், அரை மணி நேர வேலை. நின்றபடி ஓடும்போது இன்ஜின் அதிர்வு கொஞ்சம் குறைந்திருக்கிறது, பெட்ரோல் செலவில் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் வீட்டில் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: வெடிக்காதா? 2025 ஏப்ரலில் புத்ரா ஹைட்ஸ் எரிவாயுக் குழாய்த் தீயைப் பார்த்ததிலிருந்து கேஸ் என்றாலே ஒரு நடுக்கம். அங்கே எரிந்தது இயற்கை எரிவாயு, ஹைட்ரஜன் இல்லை.

ஹைட்ரஜன் காற்றைவிட 14 மடங்கு லேசு. திறந்த இடத்தில் கசிந்தால் சட்டென்று மேலே போய்க் கலைந்துவிடும். அடுப்படி கேஸ் தோங்கில் (சிலிண்டரில்) இருப்பது காற்றைவிடக் கனம், தரையோடு படர்ந்து நிற்கும். பெட்ரோல் ஆவியும் அப்படியே, பட்டறைக் குழியில் தேங்கும். மூடிய அறை என்றால் நிலைமை வேறு. காற்றில் 4 முதல் 75 விழுக்காடு வரை எப்படிக் கலந்தாலும் ஹைட்ரஜன் பற்றும், பெட்ரோல் ஆவிக்கு அது ஏறக்குறைய 1.4 முதல் 7.6 வரைதான், அதோடு பெட்ரோலுக்குத் தேவைப்படும் பொறியில் பத்தில் ஒரு பங்கு இதற்குப் போதும். வாசனை கிடையாது, பகலில் அதன் தீகூடக் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. கேஸ் தோங்கில் நாற்றம் சேர்த்திருப்பதால்தான் கசிவை மூக்கு கண்டுபிடிக்கிறது.

இந்தப் பட்டறை எனக்குப் பிடித்ததற்குக் காரணமே இதுதான். உயரமான கூரை, முன்னும் பின்னும் திறந்தவெளி. வாயுவைச் சேமித்து வைப்பதே இல்லை, தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து வர வர இன்ஜின் காற்றுக் குழாய்க்குள் விடுகிறார்கள். ஆனால் வருவது தனி ஹைட்ரஜன் அல்ல, ஆக்சிஜனும் கூடவே கலந்து வருகிறது, பற்றிக்கொள்ள வெளிக்காற்றுகூட வேண்டாம். அதற்காகத்தான் நடுவில் ஒரு தண்ணீர் பாட்டில். வாயு அதற்குள் குமிழ் குமிழாக ஏறித்தான் வெளியே போகும், தீ திரும்பி வந்தால் அந்தத் தண்ணீரில் நின்றுவிடும்.

"அண்ணே, இதுல தண்ணி வத்திப்போனா?" என்று போமனிடம் (பட்டறை மெக்கானிக்) கேட்டேன்.

"கோடு வரைக்கும் இல்லன்னா மெஷினையே தட்ட மாட்டேன் தம்பி" என்று பாட்டிலில் இருந்த சிவப்புக் கோட்டைக் காட்டினார். அப்புறம் ஹோஸ் இணைப்பு ஒவ்வொன்றிலும் சோப்புத் தண்ணீர் தடவி, நுரை கிளம்புகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் ஆரம்பித்தார். இந்தப் பொறுமைக்கே காசு கொடுக்கலாம்.

ஒரு குறை. பக்கத்திலேயே ஒருவர் கிரைண்டரில் இரும்பு அறுத்துக்கொண்டிருந்தார், பொறி பறந்தது. நான் சொன்னதும் நிறுத்தச் சொன்னார் போமன், சரி, ஆனால் சொல்லாமலே நிறுத்தியிருக்க வேண்டும். ஒரு நட்சத்திரம் அதற்காகக் குறைக்கிறேன். வேறு கடையில் செய்பவர்கள் அந்தத் தண்ணீர் பாட்டிலைப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள். "ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே செய்கிறோம்" என்று கடைக்காரர் சொன்னால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.