விதார்த்தின் மூன்று வெள்ளிக்கிழமைகள்

2016 செப்டம்பர் 2, 2017 ஜூன் 2, 2017 செப்டம்பர் 1. மூன்றும் வெள்ளிக்கிழமை. மூன்றிலும் விதார்த் நடித்த படம் வெளியானது: ‘குற்றமே தண்டனை’, ‘ஒரு கிடாயின் கருணை மனு’, ‘குரங்கு பொம்மை’. பார்த்தவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். பார்த்தவர்கள்தான் குறைவு. ‘மைனா’வில் (2010) பார்த்த முகம், அதற்குப் பிறகு என்ன ஆனார் என்று கேட்கிறவர்களுக்கு இந்தப் பன்னிரண்டு மாதம்தான் பதில்.

மூன்றுக்கும் இயக்குநர் வேறு, ஊர் வேறு, சுவை வேறு. ஆனால் விதார்த்தின் பாத்திரம் மூன்றிலும் ஒரே இடத்தில்தான் நிற்கிறது: ஒரு குற்றத்துக்கு மிகப் பக்கத்தில். ஒன்றில் குற்றத்தைப் பார்த்தவன், ஒன்றில் தன் கையால் நடந்துவிட்டதாக நம்புகிறவன், ஒன்றில் கையில் இருப்பது என்னவென்றே அறியாதவன். பெரிய நட்சத்திரம் இந்த வேடங்களைச் செய்ய முடியாது. திரையில் அவர் நுழைந்ததுமே ‘இவர் தப்பு செய்யமாட்டார்’ என்று அரங்கமே முடிவுகட்டிவிடும், கதை அங்கேயே செத்துவிடும். விதார்த்துக்கு அந்தச் சுமை இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி இருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் என்ன செய்வார் என்று நமக்கு எப்போதுமே உறுதியாகத் தெரியாது. படங்கள் வேலை செய்வது இதனால்தான். முதல் நாள் கூட்டம் வராமல் போனதற்கும் இதுவே காரணம்.

மூன்றில் கடினமானது ‘குற்றமே தண்டனை’. மணிகண்டன் ‘காக்கா முட்டை’க்கு அடுத்து வெளியிட்ட படம், ஒளிப்பதிவும் அவரே. ‘காக்கா முட்டை’யின் கதகதப்பை எதிர்பார்த்துப் போனவர்களை இது குளிரில் நிறுத்திவிட்டது. போதாக்குறைக்கு ஆறே நாளில் விக்ரமின் ‘இருமுகன்’ வந்தது. அதே மாதம் 23ஆம் தேதி, அதே மணிகண்டனின் ‘ஆண்டவன் கட்டளை’யும் வந்துவிட்டது. இயக்குநரின் ஒரு படத்தை அவருடைய இன்னொரு படமே மறைத்த கதை இது.

ரவி (விதார்த்), கிரெடிட் கார்டு பாக்கி வசூலிக்கும் ஆள். அவனுக்குக் கண்ணில் கோளாறு. ஓரப் பார்வை போய், குழாய் வழியாகப் பார்ப்பதுபோல நடுவில் மட்டும் தெரிகிறது. இந்த வகையில் விழித்திரை சிதையும்போது வழக்கமாக முதலில் இரவுப் பார்வை மங்கும், பிறகு ஓரங்கள் சுருங்கிக்கொண்டே வரும், மையம் கடைசிவரை தாக்குப்பிடிக்கும். அதனால் எழுத்து படிக்க முடிகிறவன், பக்கவாட்டில் வருகிற ஆள்மீது மோதுவான். பார்க்கிறவர்களுக்கு அவன் நடிப்பதுபோலத் தோன்றும். சிகிச்சைக்குப் பணம் வேண்டும். அந்த நேரத்தில் எதிர் வீட்டில் ஒரு பெண் கொல்லப்படுகிறாள், அங்கே ஒரு பணக்காரரை ரவி பார்த்துவிடுகிறான். பார்த்ததைச் சொல்லாமல் இருப்பதற்கு ஒரு விலை வைக்கிறான்.

நோய் இங்கே அனுதாபம் சேர்க்க வைத்த ஊறுகாய் இல்லை. திரைக்கதை முழுக்க அந்தக் குழாய் வழியாகத்தான் ஓடுகிறது. ரவி பார்த்ததுதான் நமக்கும் தெரியும், ஓரத்தில் இருப்பது நமக்கும் தெரியாது. சில காட்சிகளில் திரையைச் சுற்றி இருட்டாகி நடுவில் வட்டமாக மட்டும் படம் தெரிகிறது. மற்ற காட்சிகளிலும் ஓரத்தில் யார் நிற்கிறார்கள், எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று கவனித்துக்கொண்டே வாருங்கள். இறுதியில் அந்தக் கவனத்துக்குக் கூலி உண்டு. பாட்டு ஒன்றுகூட இல்லை, இளையராஜாவின் பின்னணி இசை மட்டும். அதிலும் மௌனம் அதிகம். கைப்பேசி ஒலிபெருக்கியில் பாதி காணாமல் போகும், ஹெட்போன் மாட்டிக்கொள்வது நல்லது.

குறையும் இருக்கிறது. ஐஸ்வர்யா ராஜேஷுக்கு இருக்கும் நேரம் மிகக் கொஞ்சம். நாசர் பேசுகிற தத்துவங்கள் சில இடங்களில் படத்துக்கு உரை எழுதுவதுபோல ஆகிவிடுகின்றன. காட்சி ஏற்கெனவே சொல்லிவிட்டதை வாய் திரும்பச் சொல்லத் தேவையில்லை. அந்தப் பணக்காரராக வரும் நடிகர் ரகுமான் அலட்டாமல் செய்திருக்கிறார். பயந்த பணக்காரன் குரலை உயர்த்தமாட்டான் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

‘ஒரு கிடாயின் கருணை மனு’வை எடுத்த சுரேஷ் சங்கையா, மணிகண்டனிடம் உதவி இயக்குநராக இருந்தவர். 2024 நவம்பரில் மறைந்துவிட்டார். கதை ஒரு வரிதான்: புதுசாகக் கல்யாணமான ராமமூர்த்தி (விதார்த்), பாட்டியின் நேர்த்திக்கடனுக்காக ஊரையே லாரியில் ஏற்றிக்கொண்டு குலதெய்வம் கோவிலுக்குக் கிடா வெட்டப் போகிறான். வழியில் ஆசைப்பட்டு ஸ்டியரிங்கைக் கையில் வாங்குகிறான். ஒரு ஆள் அடிபட்டுக் கிடக்கிறார்.

அதன் பிறகு படம் பெரும்பாலும் அந்த இடத்தை விட்டு நகர்வதில்லை. லாரி, பிணம், கிடா, ஒரு ஊர்ச் சனம். போலீசுக்குச் சொல்வதா, மறைப்பதா, யார் ஒப்புக்கொள்வது, வக்கீலுக்கு எவ்வளவு. பேச்சு, பேச்சு, பேச்சு. கோழைத்தனமும் விசுவாசமும் குடியும் பழைய பகையும் ஒரே வாக்கியத்துக்குள் கலந்து வருகிற தெற்கத்திப் பேச்சு. ‘ஜோக்’ என்று தனியாக எழுதி வைத்த இடம் எதுவும் இல்லை. நிலைமை மோசமாக ஆக, சிரிப்பு கூடுகிறது. கூட்டமாக இருக்கும்போது மனிதர்கள் எப்படிப் பேசுவார்கள், ஒருவர் சொல்லி முடிப்பதற்குள் இன்னொருவர் எப்படி வேறு ஒன்றை இழுப்பார் என்பதை இவ்வளவு சரியாகப் பிடித்த படங்கள் தமிழில் குறைவு.

தலைப்பை விளக்காமல் விடலாம், ஆனாலும் ஒரு சொல். கருணை மனு என்பது மரண தண்டனை பெற்றவர் கவர்னருக்கும் குடியரசுத் தலைவருக்கும் போடுவது. கிடா வெட்டும் பல கோவில்களில் மஞ்சள் தண்ணீர் தெளித்து, ஆடு உடம்பைச் சிலுப்பினால்தான் சாமி உத்தரவு கொடுத்ததாக எடுத்துக்கொள்வார்கள். சிலுப்பும்வரை தெளித்துக்கொண்டே இருப்பார்கள் என்பது வேறு விஷயம். ஆட்டிடம் சம்மதம் கேட்கிற இந்த வழக்கத்தை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால், தன் தலைக்கு வழி தேடுகிற மாப்பிள்ளையையும் ஓரமாகக் கட்டிக் கிடக்கிற கிடாவையும் தலைப்பு எங்கே முடிச்சுப் போடுகிறது என்று புரியும்.

ஆரம்பம் மெதுவாகத்தான் போகும். யார் யாருக்கு என்ன முறை என்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆகும், முகங்களும் பெரும்பாலும் புதுசு. பாதியில் நிறுத்துகிறவர்கள் நிறுத்துவது அங்கேதான். விபத்து நடக்கும்வரை பொறுத்திருங்கள். ரவீனா ரவி பின்னணிக் குரல் கலைஞராக அறியப்பட்டவர். புதுப்பெண் சீதாவாக வாயால் பேசுவதைவிட விழித்துக்கொண்டு நிற்பதில்தான் ஜெயிக்கிறார். பிற்பாதியில் சட்டம், போலீஸ் என்று போகும் சில காட்சிகள் இழுவை. பத்து நிமிடம் வெட்டியிருந்தால் படத்துக்கு நஷ்டம் இல்லை.

மூன்றில் ஒன்றுதான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் ‘குரங்கு பொம்மை’. நித்திலன் சாமிநாதனின் முதல் படம். அஜித்தின் ‘விவேகம்’ வந்து ஒரு வாரம் கழித்து வந்தது, அந்த நேரத்தில் எத்தனை திரை கிடைத்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தஞ்சாவூரில் ஏகாம்பரம் என்ற மரக்கடை முதலாளி, உள்ளுக்குள் சிலை கடத்தல்காரர். அவரிடம் விசுவாசமாக இருக்கும் சுந்தரம், பாரதிராஜா. சென்னையில் கார் ஓட்டும் மகன் கதிர், விதார்த். குரங்குப் படம் போட்ட ஒரு பையில் வைத்து ஒரு சிலை சென்னைக்குப் போகிறது. வாங்கிக்கொள்ள வேண்டிய ஆள் சேகர், இளங்கோ குமரவேல். பை கை மாறுகிறது. கதை நேர்க்கோட்டில் சொல்லப்படவில்லை. குழம்பாமல் இருக்க ஒரே வழி, ஆட்களை விட்டுவிட்டுப் பையைப் பின்தொடர்வது. எந்தக் காட்சியில் அது யார் கையில் இருக்கிறது, கனமாக இருக்கிறதா காலியாக இருக்கிறதா என்று பார்த்தால் முன் பின் தானாக வரிசையாகிவிடும்.

சிலைக்குச் சொல்லப்படும் கோடிக்கணக்கு சினிமா மிகை என்று நினைக்க வேண்டாம். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானில் திருடப்பட்ட நடராஜரை ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் 2008இல் வாங்கியபோது கொடுத்த விலை 50 லட்சம் டாலருக்கு மேல். 2014இல்தான் சிலை திரும்பி வந்தது. படம் அந்த உலகத்தின் உச்சியைக் காட்டவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுகிற கடைசி ஆளைக் காட்டுகிறது.

குமரவேல் ‘அபியும் நானும்’ படத்தில் நாம் நேசித்த மனிதர். அந்த மென்மையான முகத்தை வைத்தே நித்திலன் நம்மை ஏமாற்றுகிறார். குரல் ஏறாது, கண் உருளாது, ஒரு சின்ன ஆசை எப்படி ஒரு மனிதனைக் காலி செய்கிறது என்று மட்டும் தெரியும். அவருக்கு எதிரே உட்கார்ந்து பாரதிராஜா பேசுகிற நீண்ட காட்சிதான் படத்தின் முதுகெலும்பு. கெஞ்சல் இல்லை, வசனம் பேசுகிற தோரணையும் இல்லை. வாழ்நாளெல்லாம் ஒருவரை நம்பியே இருந்த ஆள், நம்பிக்கையைத் தவிர வேறு பாஷை தெரியாமல் பேசுகிறார். நடிகர்களுக்கு நடித்துக் காட்டியே பேர் வாங்கிய இயக்குநர், இங்கே எதையும் காட்டாமல் நடித்திருக்கிறார். ஏகாம்பரமாக வரும் பி.எல். தேனப்பன் அடிப்படையில் தயாரிப்பாளர். முதலாளி எப்படி உட்கார்வார் என்று அவருக்குச் சொல்லித் தரத் தேவைப்பட்டிருக்காது.

கோளாறு இரண்டு. பெண் பார்க்கும் விவகாரமும் காதலும் கதைக்குத் தேவையான அளவுக்கு மேல் இல்லை, அந்தப் பெண்ணுக்கு எழுதியதும் குறைவு. இரண்டாவது, தற்செயல்கள். இவ்வளவு பெரிய சென்னையில் சரியான ஆள் சரியான ஆளிடமே போய் முட்டுவது ஒருமுறை சரி, மறுபடியும் நடக்கும்போது எழுதியவரின் கை தெரிகிறது. கடைசிக் காட்சி கொடூரமானது. ரத்தத்தை விட, அதைச் செய்கிறவனின் நிதானம்தான் உறுத்தும். குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கிற படம் இல்லை.

‘மகாராஜா’ (2024) பிடித்தவர்கள் இதைப் பார்த்தே ஆக வேண்டும். அதே இயக்குநர், அதே இசையமைப்பாளர் அஜனீஷ் லோக்நாத். ஒன்றுமில்லாத ஒரு பொருளை நடுவில் வைத்து, காலத்தைக் கலைத்துப் போட்டு, அப்பா பிள்ளை பாசத்தில் கொண்டுபோய் முடிக்கிற அதே வேலை. அங்கே குப்பைத்தொட்டி, இங்கே பை. எழுத்து ‘மகாராஜா’வில்தான் இறுக்கம். சோகம் இதில்தான் சுத்தம்.

இந்த மூன்றும் ருசித்தவர்களுக்கு இன்னும் இரண்டு. ஸ்ரீ கணேஷின் ‘8 தோட்டாக்கள்’ 2017 ஏப்ரல் 7 அன்று, ‘காற்று வெளியிடை’ வந்த அதே நாளில் வந்தது. போலீஸ்காரரின் துப்பாக்கி தொலைகிறது, உள்ளே எட்டுத் தோட்டா. அகிரா குரோசவா 1949இல் எடுத்த ‘ஸ்ட்ரே டாக்’ படத்தின் முடிச்சு இது. காதல் பகுதியும் பாட்டுகளும் தாராளமாகத் தள்ளி ஓட்டலாம். எம்.எஸ். பாஸ்கர் வரும் ஒரு நொடியையும் தள்ளாதீர்கள். ‘பார்க்கிங்’ படத்துக்காக அவருக்குத் தேசிய விருது வந்ததைக் கொண்டாடியவர்கள் பலர் இதைப் பார்த்ததில்லை. இன்னொன்று, தமிழ் என்ற இயக்குநர் எடுத்து 2022இல் நேராக ஓடிடியில் வந்த ‘சேத்துமான்’. பெருமாள்முருகனின் ‘வறுகறி’ சிறுகதை. ‘ஒரு கிடாயின் கருணை மனு’வில் ஆடு செய்யும் வேலையை இதில் பன்றி செய்கிறது. யார் வளர்க்கலாம், யார் தின்னலாம், யார் தின்றதை மறைக்க வேண்டும் என்ற கணக்கு. அவசரம் இல்லாத ஓர் இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பார்க்கும் வரிசை: கிடா முதலில், குரங்கு அடுத்து, குற்றம் கடைசியில். குற்றத்தில் தொடங்கினால் மற்ற இரண்டிலும் விதார்த்தைச் சந்தேகத்தோடேயே பார்ப்பீர்கள்.

டிரெய்லர் வேண்டாம், ‘கிளைமாக்ஸ் விளக்கம்’ வீடியோக்கள் வேண்டவே வேண்டாம். உரிமை மாற மாற இந்தச் சின்னப் படங்கள் ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும், ஆகையால் ஒன்றில் இல்லையென்றால் மற்றதில் தேடுங்கள். ஆங்கில எழுத்தில் தேடும்போது ‘குற்றமே’வுக்கு ‘டி’யை ஒருமுறையும் இருமுறையும் போட்டுப் பாருங்கள், ‘கிடாயின்’ என்பதற்கு ‘ஏ’யை ஒன்றாகவும் இரண்டாகவும். யூடியூபில் திருட்டுத்தனமாக ஏற்றியவற்றில் காப்புரிமைக் கண்காணிப்பை ஏமாற்றப் படத்தைப் பெரிதாக்கி ஓரத்தை வெட்டியிருப்பார்கள், இடவலம் மாற்றியிருப்பார்கள், குரலின் சுருதியைக் கூட்டியிருப்பார்கள். மற்ற படங்களுக்கு அது எரிச்சல். ‘குற்றமே தண்டனை’யில் ஓரம் போனால் கதையே போயிற்று.